கொடியில் ஒற்றைக் காலுறை

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப் போடும் கொடியில் ஒரு காலுறை எப்போதும் தொங்கும். சந்தன நிறம், தொடை வரை நீளம், இழுத்தால் ரப்பர் போல விறைத்துக்கொள்ளும். அதுவும் ஒரே ஒரு காலுக்குத்தான். பார்த்தவர்கள் யாரும் கேட்காமல் போனதில்லை. "ஏம்மா, இன்னொண்ணைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று பால்காரர்கூடக் கேட்டிருக்கிறார். முன்பெல்லாம் வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் அதை உருவி முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வேன். இப்போது அப்படிச் செய்வதில்லை.

என் மூத்த மகள் 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில் பிறந்தாள். எங்களுக்குத் தர்மபுரி மாவட்டத்தில் அரூர் பக்கம் ஒரு கிராமம். சுகப்பிரசவம்தான். ஆனால் குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்து காட்டிய ஆயாம்மா முகத்தில் சிரிப்பில்லை. வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரைக்கும், நாவல்பழச் சாற்றைக் கொட்டிவிட்டது போலத் திட்டுத் திட்டாகச் சிவப்பு. அந்தப் பாதமும் மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பு. "மச்சம்தாம்மா, போகப் போக மறைஞ்சிடும்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று.

1999 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சூரிய கிரகணம். வடக்கே சில இடங்களில் முழுசாகப் பிடித்தது. நம் பக்கத்தில் சாயங்கால வேளையில் ஒரு பகுதி மட்டும். எனக்கு அப்போது மூன்று மாசம். மாமியார் என்னை இருட்டறையில் படுக்கவைத்து, "கத்தியைத் தொடாதே, நகம் கிள்ளாதே, உடம்பைச் சொறியாதே" என்று ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கொட்டகையில் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டது. மடியில் இருக்கிற பாலையெல்லாம் குடித்துவிடுமே என்று நான் பின்பக்கமாக ஓடினேன். ஓடும்போது புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினேன். வலது கையால், வலது பக்கம். கன்றைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்குமா?

அந்த ஐந்து நிமிஷம்தான் குழந்தையின் காலில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று தீர்ப்பாயிற்று. "நான் சொல்லச் சொல்லக் கேக்காம ஓடினியே, பொட்டப்புள்ள காலை இப்படிப் பண்ணிட்டியே" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அவர் கெட்டவரில்லை. பேத்தி மேல் உயிர். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் நம்பியிருப்பேன். எங்கள் தெருவில் அன்றைக்கு இன்னொருத்தியும் மாசமாக இருந்தாள். கிரகண நேரத்தில் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தவள். அவள் பையன் ஒரு மறுவும் இல்லாமல் பிறந்தான். அது எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை என்று பலமுறை நினைத்ததுண்டு. பழி நம் மேல் என்று ஆகிவிட்டால் கண் வேறெதையும் பார்ப்பதில்லை போலும்.

பாப்பா நடக்க ஆரம்பித்ததும் ஊரில் வேறு யோசனைகள் கிளம்பின. நம் மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் ஃப்ளோரைடு அதிகம். பல் பழுப்பேறிப்போவதும், வயசானவர்கள் முதுகும் முழங்காலும் விறைத்து நடக்க முடியாமல் போவதும் பார்த்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது 2013-ல்தானே! அதனால் "தண்ணிக் கோளாறு" என்றார்கள் சிலர். கும்பகோணத்திலிருந்து வந்த என் பெரியம்மா பாதத்தைப் பார்த்த மாத்திரத்தில் "ஐயோ, யானைக்கால்!" என்றார். அந்தப் பக்கத்தில் அதைப் பார்த்தே வளர்ந்தவர்.

அந்தச் சொல் ஊரில் பரவினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து என் மகள் கணுக்கால் மறைய பாவாடைதான் கட்டினாள். மூன்று வயசுக் குழந்தை பாவாடை தடுக்கித் தடுக்கி விழுவாள். "இன்னாத்துக்குமா கவுனு போட மாட்டேங்கறே?" என்று கேட்பாள். நான் பதில் சொன்னதில்லை.

கால் மட்டும் தன்பாட்டில் வளர்ந்தது. தொடையின் வெளிப்பக்கமாக ஒரு தடித்த நரம்பு, சுண்டுவிரல் கனம், நெளிந்து நெளிந்து மேலே ஏறியது. திட்டுகளின் மேல் கருநாவல் நிறத்தில் கடுகு கடுகாகக் கொப்புளங்கள். சிலதில் தண்ணீர் கசியும், சிலதில் ரத்தம். நாலு வயசு ஆகப்போகும்போது ஒரு ராத்திரி நல்ல ஜுரம். கால் சிவந்து, தொட்டால் கொதித்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓரிடத்தில் யானைக்கால் என்றே முடிவு செய்து பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவுமாம். சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் "இருக்கட்டும்" என்று இன்னொரு பன்னிரண்டு நாள்! வேறோர் இடத்தில், "அந்த நரம்பை அறுத்து எடுத்துவிட்டால் சரியாகும்" என்று நாள்கூடக் குறித்தார்கள்.

எங்களைக் காப்பாற்றியது ஊருக்கு வரும் நர்ஸம்மா. தடுப்பூசி போட வந்தவர் பாவாடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எப்போ மொதல்ல பார்த்தீங்க?"

"பிறந்தன்னிக்கே இருந்ததுங்க."

"பிறந்தப்பவே யானைக்கால் எப்படிம்மா வரும்? கொசு கடிச்சு, புழு உள்ளே போய், வருஷக்கணக்கா ஆனப்புறம் வர்ற வீக்கம் அது. இது வேற. வேலூருக்குக் கொண்டு போங்க."

2004 ஜூனில் திருப்பத்தூர் வழியாக பஸ் பிடித்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வயிறெல்லாம் கலங்கிக்கொண்டிருந்தது. அங்கேயும் முதல் கேள்வி அதேதான்: பிறக்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா? டேப் வைத்து இரண்டு காலையும் பல இடத்தில் அளந்தார்கள். எக்ஸ்ரே, டாப்ளர் ஸ்கேன், இன்னும் பெரிய ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. கடைசியில் டாக்டர் எங்களை உட்காரவைத்தபோது, அவர் வாயைத் திறப்பதற்குள் நான் கிரகணக் கதையைக் கொட்டி அழுதுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தில் கோடு போட்டு மாசங்களைக் குறித்தார். "கிரகணத்தன்னிக்கு உங்களுக்கு மூணு மாசம்னு சொல்றீங்க. அதுக்குள்ள குழந்தைக்குக் கை கால் எல்லாம் உருவாகி முடிஞ்சிருக்கும். இந்தக் கோளாறு அதுக்கும் முன்னாடியே, நீங்க மாசமாயிருக்கறதே சரியாத் தெரியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. நீங்க கன்னுக்குட்டியைக் கட்டப் போகலேன்னாலும் இந்தக் கால் இப்படித்தாம்மா இருந்திருக்கும்" என்றார்.

நாலு வருஷமாக நெஞ்சில் இருந்த கல்லை அந்தக் காகிதக் கோடு புரட்டிவிட்டது. அவர் அதற்கப்புறம் சொன்னதில் பாதி அன்றைக்கு என் காதில் ஏறவில்லை. பிறகு போகப் போகத் தெரிந்துகொண்டேன்.

கழனியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருவதற்கு வாய்க்கால் உண்டு, மிஞ்சியது போவதற்கு வடிகால் உண்டு. உடம்பிலும் அப்படித்தான். இதயத்திலிருந்து ரத்தம் வரும் குழாய் ஒன்று, திரும்பிப் போகும் குழாய் ஒன்று. இவை இரண்டும் போக, சதையிடுக்கில் தங்கும் நீரை வடித்துக்கொண்டு போக மூன்றாவதாக நிணநீர்க் குழாய்கள். கரு வளரும்போது ஒரே ஓர் அணுவில் தவறு நேர்ந்து, அதிலிருந்து பிரிந்த பகுதியில் மட்டும் இந்தக் குழாய்கள் கோணல்மாணலாக அமைந்துவிடுகின்றன. வடிகால் சரியில்லாத வயல் சேறாகி நிற்பது போல அந்த இடம் வீங்குகிறது. ரத்தம் கூடுதலாகத் தங்குகிறது. சதையும் எலும்பும் அளவுக்கு மேல் வளர்கின்றன. எங்கள் பாப்பாவுக்கு இருப்பதற்குக் கிளிப்பெல்-டிரெனோனே என்று பெயர். 1900-ஆம் வருஷம் இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் இதை எழுதிவைத்தார்கள். அதே 1900-ல்தான் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தாராம்! பெரும்பாலும் பிக்3சிஏ என்ற ஒரு மரபணுவில் நேரும் மாற்றம்தான் இதற்குக் காரணம் என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் நூற்றுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கருவான பிறகு நேர்ந்த மாற்றம் என்பதால் அது தாய் தகப்பனிடமிருந்து வந்ததில்லை. அடுத்த குழந்தைக்கு வரும் என்ற பயமும் வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் ஆறு வருஷம் அடுத்த குழந்தையே வேண்டாம் என்று இருந்தேன். என் பையன் 2006-ல் பிறந்தான்.

நரம்பை அறுக்கச் சொன்னதைக் கேட்டதும் டாக்டர் முகம் மாறிவிட்டது. இந்தக் கோளாறு உள்ள சிலருக்குக் காலின் உள்ளே ஆழத்தில் ஓட வேண்டிய பெரிய சிரையே சரியாக அமைந்திருக்காதாம். அப்போது வெளியே தெரிகிற அந்தத் தடித்த நரம்புதான் ரத்தம் திரும்பிப் போக வழி. அதை ஸ்கேன் பார்க்காமல் அறுத்தால் இருக்கிற வடிகாலையும் அடைத்தது போலாகும் என்றார். குறித்த நாளில் நாங்கள் அறுவைக்குப் போயிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சரி, வைத்தியம் என்ன? "இது குணமாகிற நோயில்லை, வைத்துக் காப்பாற்ற வேண்டியது" என்றார்கள். அதில் பெரும்பங்கு நம் வீட்டு வேலைதான். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, கால் வடிந்திருக்கும்போதே, அந்த இறுக்கமான காலுறையைப் போட்டுவிட வேண்டும். முதல் ஒரு மாசம் எனக்கும் அவளுக்கும் தினம் மல்யுத்தம். கையில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நீவினால் சுலபமாக ஏறும் என்று கண்டுபிடித்தது என் மாமியார்! ராத்திரி கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துவோம். தினமும் கால் இடுக்கெல்லாம் கழுவி, ஈரம் போக ஒற்றி, வெடிப்பு வராமல் எண்ணெய் தடவ வேண்டும். ஒரு சின்ன கீறல் போதும், கிருமி உள்ளே போய்ச் ஜுரம் கண்டுவிடும். கால் சிவந்து ஜுரம் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருந்து. கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்தால் நின்றுவிடும். சித்திரை வைகாசி வெயிலில் அந்த உறையோடு அவள் பட்ட பாடு தனிக் கதை. பள்ளிக்கூடத்துக்கு ஈரத் துணி கொடுத்தனுப்புவேன். உறையின் மேலேயே ஒற்றிக்கொள்வாள்.

வருஷா வருஷம் பிறந்த நாளன்று கால் நீளத்தை அளந்து நோட்டில் எழுதினோம். பத்து வயதில் வலது கால் இரண்டு சென்டிமீட்டர் நீளம். இடது செருப்புக்கு அடியில் ரப்பர் ஒட்டி உயர்த்தச் சொன்னார்கள். அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் தாத்தா, அளவு சொன்னால் மில்லிமீட்டர் பிசகாமல் ஒட்டித் தருவார். வித்தியாசம் இன்னும் அதிகமாகியிருந்தால், வளரும் வயசிலேயே நீளக் காலின் வளர்ச்சியை நிறுத்த ஆபரேஷன் செய்வார்களாம். எங்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்துவிட்டதால் என்னை நானே ஒரு வைத்தியச்சியாக நினைத்துக்கொண்டேன். அதன் பலனையும் சொல்கிறேன். 2019-ல் பக்கத்து வீட்டுப் பெண் பிரசவம் முடிந்து குழந்தையோடு வந்தாள். ஒரு மாசத்தில் குழந்தையின் மேல் இமையில் செக்கச் சிவந்த புடைப்பு, ஸ்ட்ராபெர்ரி பழம் மாதிரி. நான் போய்ப் பார்த்துவிட்டு, "இது எங்க பாப்பாவுக்கு இருக்கிறதுதான் கண்ணு. ஆயுசுக்கும் போகாது. பழகிக்கணும்" என்றேன். அந்தச் சின்னப் பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாளாம்.

நான் சொன்னது முழுத் தப்பு! அந்தக் குழந்தைக்குப் பிறந்தபோது அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. அது ஹெமாஞ்சியோமா என்கிற ரத்தக்குழாய்க் கட்டி. முதல் சில மாசம் மளமளவென்று வளரும். பிறகு நின்று, வருஷக்கணக்கில் தானாகவே சுருங்கும். பிறக்கும்போதே இருந்து, குழந்தையோடு கூடவே வளர்ந்து, தானாகப் போகாமல் இருப்பது வேறு ஜாதி. இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மல்லிகென், குளோவாக்கி என்ற இருவர், 1982-ல். அதுவரை டாக்டர்களே குழப்பிக்கொண்டிருந்தார்கள் என்றால் நான் எம்மாத்திரம்!

தானாகப் போகிறதுதான் என்றாலும் இமையில் இருப்பதை விட்டுவைக்கக் கூடாது. கண்ணை மூடி மறைத்தால் அந்தக் கண்ணுக்குப் பார்வை பழகாமல் போய்விடும். வாய், மூக்கு, தொண்டை பக்கமும் அப்படித்தான். புண்ணானாலும் காட்ட வேண்டும். 2008-ல் பிரான்சில் போர்தோ நகரத்து டாக்டர்கள், ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறுக்காகப் ப்ரோப்ரனலால் கொடுத்தபோது முகத்துக் கட்டி வெளுத்துச் சுருங்குவதைப் பார்த்தார்கள். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற பழைய மருந்துதான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். பால் கொடுக்காமல் மருந்து கொடுக்கக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும் என்று எச்சரித்து, நாடித் துடிப்பு பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அந்த வாண்டு எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறுகிறது. இமையில் உற்றுப் பார்த்தால்தான் ஏதோ தெரியும்.

இன்னும் இரண்டு தினுசையும் சொல்லிவிடுகிறேன். முகத்தில் பிறவியிலேயே தட்டையான சிவப்புத் திட்டு இருந்தால், ரஷ்யாவின் கோர்பச்சேவ் தலையில் இருந்ததே அந்த மாதிரி, அது தானாக மறையாது. லேசர் கொடுத்தால் வெளிறும். ஆனால் நெற்றியிலும் மேல் இமையிலும் இருந்தால் அழகு பற்றிய கவலையை ஒதுக்கிவைத்து, முதலில் கண்ணழுத்தம் பார்க்க வேண்டும். வலிப்பு வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும். கழுத்திலோ அக்குளிலோ மெத்தென்று நீர்ப்பை போல் இருந்தால் அது நிணநீர்க் கட்டியாக இருக்கலாம். ஊசி வழியாக மருந்து செலுத்திச் சுருங்கவைக்கிறார்கள். திடீரென்று பெரிதாகி மூச்சை அடைத்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. எதுவானாலும் சூடு போடுவது, சுண்ணாம்பு வைப்பது, நூல் கட்டி அறுப்பது வேண்டவே வேண்டாம். இப்போது 2008-லிருந்து தர்மபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் டாக்டர்கள் வந்து பார்க்கிற திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. என்னைப் போலப் பாவாடையால் மூடாமல் அவர்களிடம் காட்டினால் போதும், மேலே எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

பாப்பாவுக்கு 25 முடிந்துவிட்டது. தனியார் பள்ளியில் டீச்சர். தை மாசத்தில் பெண் பார்க்க வந்தார்கள். இத்தனை எழுதுகிற நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? கொடியிலிருந்த உறையை உருவி பீரோவில் வைத்துவிட்டு, "புடவையைத் தழையக் கட்டு. முதல்லே அவங்க சரின்னு சொல்லட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன்.

"அப்புறம்னா எப்போம்மா? மாங்கல்யம் ஏறினப்புறமா?" என்று கேட்டாள். பிள்ளையின் அம்மாவை உள்ளறைக்குக் கூப்பிட்டு, தானே உறையைக் கீழே இறக்கிக் காட்டினாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். கை காலெல்லாம் வெலவெலத்துவிட்டது.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து, "வலிக்குமா கண்ணு?" என்றார்.

"ரொம்ப நேரம் நின்னா கனக்கும், அத்தை."

"புள்ளை பெத்துக்கலாமா?"

இதற்குப் பதில் டாக்டரிடம் முன்னமே கேட்டு வைத்திருந்தாள். பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்தக் காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அதனால் மாசமாவதற்கு முன்பே சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரைகளும், கோயில் விசேஷத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட நாம் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிற மாத்திரைகளும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. தூர பஸ் பிரயாணத்தில் இறங்கி நாலு எட்டு நடக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். இதற்கென்று புதிதாக வந்திருக்கும் மருந்துகளைப் பற்றியும் சொன்னாள். அல்பெலிசிப் என்ற ஒன்றுக்கு அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. மிகவும் கஷ்டப்படுகிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள், தனக்கு அது தேவைப்படவில்லை என்றாள்.

"பொறக்கற குழந்தைக்கு?" என்று அவர் என்னைப் பார்த்தார். அதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன். வேலூரில் அன்றைக்கு டாக்டர் போட்ட கோடுகளை என் விரலால் தரையில் போட்டுக் காட்டினேன்.

முடிவு இன்னும் சொல்லவில்லை. பிள்ளை வீட்டில் பெரியவர்களைக் கலந்துகொள்ள வேண்டுமாம், தப்பில்லை. உறை ஆறு மாசத்தில் தளர்ந்துவிடும், அடுத்த மாசம் வேலூருக்குப் போய்ப் புதிதாக அளவு கொடுக்க வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "என்னைக்கின்னு சொல்லுங்க, நானும் வர்றேன். டாக்டர்கிட்ட நானே ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். முதல் பஸ்ஸிலேயே கிளம்பினால்தான் சீட்டு எடுக்கிற வரிசையில் முன்னால் நிற்கலாம். அவர்களை முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன்.